வெங்காயப் பாத்தியும் நடுகை இடைவெளியும்

வெங்காய விதை மற்றைய விதைகளைப் போன்றதன்று. விதை நெல்லை ஒரு சாக்கிற் கட்டித் தோளிற் சுமந்து சென்று வயலை விதைத்துவிடலாம். மிளகாய் விதையை மடியில் முடிந்து கொண்டுபோய் ஒரு தோட்டம் முழுவதற்கும் வேண்டிய நாற்றுக்களை உண்டாக்கிவிடலாம். வெங்காயச் செய்கையிலோ, சந்தையில் விற்றுக் காசாக்கத்தக்க பண்டத்தையே, அடுப்பிலேற்றிக் கறியாக்கத்தக்க பண்டத்தையே, அந்தர் கணக்கில் மண்ணுட் புதைக்க வேண்டியிருக்கின்றது. கூலி, பசளை, இறைப்புச் செலவு ஆகியவற்றோடு ஒப்பிடும்போதும் விதைச் செலவே கமக்காரரின் தோளை முதலில் அழுத்துகின்றது. நகையை அடகு வைத்து விதை வாங்கும் குடும்பங்களும் உள.

இவ்வாறு அரும்பாடுபட்டுத் தேடிய விதையை நடும் நாளிலே, ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் எவ்வளவு தூரம் விடுதல் வேண்டும் என்பதை அளந்து பார்ப்பவர் சிலரே. கை போன போக்கில் நடுகை நடைபெறுகின்றது. நெருங்கினால் விதை வீண். அகன்றால் நிலமும் நீரும் வீண். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் அளவை அறிந்து கொள்வதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் போதும்.

ஒரு கிணறும் இரு தோட்டங்களும்

வலிகாமத்துச் செம்மண் நிலத்திலே, தந்தை வழி வந்த பங்குக் கிணறு ஒன்றிலிருந்து முறை வைத்து இறைக்கும் சகோதரர் இருவரை மனத்திற் கொள்வோம். மூத்தவருக்கு ஒரு பரப்பு, இளையவருக்கு ஒரு பரப்பு. மார்கழி மழை ஓய்ந்ததும் இருவரும் நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டினர். இருவரும் ஆளுக்கு இரண்டு அந்தர் விதை வெங்காயம் வாங்கி வைத்திருந்தனர். ஒரே நாளில் நடுகையும் ஆரம்பமாயிற்று.

மூத்தவர் நெருக்கி நடுவதில் நம்பிக்கையுடையவர். கூடக் குமிழ் வைத்தாற் கூட விளையும் என்பது அவர் எண்ணம். நடுவோரும் அவர் சொற்படி மூன்று அங்குலத்துக்கு ஒரு குமிழாக ஊன்றிச் சென்றனர். பிற்பகலில் இளையவர் வந்து பார்த்தபொழுது கடகங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

"அண்ணை, விதை முடிந்துவிட்டதே. இன்னும் ஐம்பது பாத்திக்கு மேலே கிடக்கின்றதே" என்றார் இளையவர்.

"பண்படுத்திய நிலத்தைச் சும்மா விடவா முடியும், தம்பி? எங்கேயாவது இன்னும் ஒன்றரை அந்தர் எடுத்துத்தான் ஆகவேண்டும்" என்றார் மூத்தவர்.

அன்று மாலையே கடன்பட்டு, கேட்ட விலைக்கு, எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அறியாத விதையை அவர் வாங்கி வந்து நட்டார். இளையவரோ நான்கு அங்குல அளவில் முடிச்சிட்ட கயிறு பிடித்து நட்டிருந்தார். அவருடைய பாத்திகள் யாவும் நிரம்பியபின் ஏறக்குறைய 400 குமிழ்கள் எஞ்சின. அவற்றைக் கிணற்றடியில் ஒரு மூலையில் ஊன்றி வைத்தார்; முளைக்காத இடங்களை நிரப்ப அவை உதவின.

ஐந்தாம் வாரத்திலே காலந்தப்பிய மழை பெய்தது. மூன்று நாட்கள் வானம் மூடியிருந்தது. மூத்தவரின் தோட்டத்திலே, பின்னர் வாங்கிய விதை நட்ட பாத்திகளில் முதலில் இலைகள் முறுகி வளையத் தொடங்கின. ஒரு வாரத்துள் நோய் பாத்திக்குப் பாத்தி தாவிற்று. இளையவரின் பயிரும் முற்றாகத் தப்பவில்லை. ஆயினும் நோய் கண்ட பயிர்களை இனங்கண்டு பிடுங்கி அகற்ற அவருக்கு இடமும் காலமும் இருந்தன.

இக்கதையில் வரும் பாத்திக் கணக்கும் விதைக் கணக்கும் எவ்வாறு வந்தன என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு குமிழுக்கு எவ்வளவு இடம்?

சின்ன வெங்காயத்தின் ஒரு குமிழினுள்ளே பல குருத்துக்கள் அடங்கியுள்ளன. குமிழை மண்ணில் ஊன்றியதும் இக்குருத்துக்கள் ஒவ்வொன்றும் இலை விட்டு, அடியிலே தனித்தனிக் குமிழாகப் பருக்கின்றன. எனவே நடப்படுவது ஒரு குமிழாயினும், அறுவடைக் காலத்தில் அவ்விடத்தில் இருப்பது ஒரு கூட்டம். இடைவெளியைத் தீர்மானிக்கும்போது, இன்று கையில் இருக்கும் சிறு குமிழை நோக்குதல் தவறு. இரண்டு மாதத்தின் பின் அவ்விடத்தில் நெருங்கி நிற்கப்போகும் கூட்டத்தையே நோக்குதல் வேண்டும்.

வெங்காயத்தின் வேர்கள் நார் போன்றவை, கிளைவிடுவது குறைவு. அவை மண்ணின் மேற்பகுதியிலேயே, பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. ஆழத்திற் சென்று நீரும் உணவும் தேடும் வலிமை இப்பயிருக்கு இல்லை. ஆகவே பக்கத்துப் பயிரோடு போட்டியிட நேர்ந்தால் இரண்டுமே மெலிகின்றன.

இலைகளின் இயல்பையும் கவனித்தல் வேண்டும். கத்தரி, பூசணி முதலியவற்றின் இலைகள் விரிந்து நிலத்தை மூடுகின்றன. வெங்காய இலையோ குழல் போல் நிமிர்ந்து நிற்பது. அது நிலத்திற்கு நிழல் தருவதில்லை. எனவே இடைவெளி அளவுக்கு மிஞ்சினால் வெயில் நேரே மண்ணில் விழுந்து களைகள் கிளம்புகின்றன. ஈரமும் விரைவில் உலர்ந்து போகின்றது. கோரை தலையெடுத்த வெங்காயப் பாத்தியைத் துப்புரவாக்குவது எத்துணைக் கடினம் என்பதைக் கமக்காரருக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நடுத்தரக் குமிழுக்கு வரிசைக்கு வரிசை 4 அங்குலமும், வரிசையில் குமிழுக்குக் குமிழ் 4 அங்குலமும் தகுந்த அளவாகும். இது ஏறக்குறைய 10 சதமமீற்றர். மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் கூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். ஆறு அங்குலத்துக்குக் கூடினால் நிலம் வெறிதாய்க் கிடக்கும்.

பரப்புக் கணக்கு

தோட்டப் பரப்பு 16 கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 2,720 சதுர அடி. வாய்க்காலுக்கும் வரம்புக்கும் இதில் ஐந்தில் ஒரு பங்கு போனால், பயிர் நிற்கும் இடம் ஏறக்குறைய 2,178 சதுர அடியாகும். பாத்தி ஒன்று 3 அடி அகலமும் 6 அடி நீளமும் உடையதெனில், அது 18 சதுர அடி. எனவே ஒரு பரப்பில் 121 பாத்திகள் அமையும்.

நான்கு அங்குல இடைவெளியில் ஒரு சதுர அடிக்கு 9 குமிழ்களும், ஒரு பாத்திக்கு 162 குமிழ்களும் தேவை. 121 பாத்திக்கும் சேர்த்து 19,602. ஒரு குமிழின் நிறை சராசரி 5 கிராம் எனக் கொள்வோமாயின், விதை 98 கிலோகிராம். ஐம்பது கிலோகிராம் கொண்ட அந்தர்க் கணக்கில் இது இரண்டு அந்தருக்குச் சற்றுக் குறைவு.

மூன்று அங்குல இடைவெளியில் ஒரு சதுர அடிக்கு 16 குமிழ்களும், ஒரு பாத்திக்கு 288 குமிழ்களும் செல்கின்றன. இரண்டு அந்தரில் உள்ள 20,000 குமிழ்களைக் கொண்டு 69 பாத்திகளையே நிரப்பலாம். எஞ்சும் 52 பாத்திகளுக்கு மேலும் ஒன்றரை அந்தர் வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தமையால் வந்த செலவு அது. இடைவெளியை ஓர் அங்குலம் குறைத்தால் விதையும் ஓர் அளவாற் கூடும் என்று எண்ணிவிடுதல் ஆகாது. நீளத்திலும் அகலத்திலும் குறைவதால் விதை முக்கால் மடங்குக்கு மேல் அதிகரிக்கின்றது.

நெருக்கி நட்டால் விளைவு கூடாதா என்று சிலர் வினவலாம். ஓரளவு வரை கூடும். அவ்வெல்லையைத் தாண்டியபின் குமிழின் எண்ணிக்கை பெருகுமேயன்றி நிறை அதற்கேற்பப் பெருகாது. குமிழ்கள் சிறுத்துப் போகும். இளையவருக்கு ஒரு பரப்பில் 8 அந்தர் விளைந்ததெனக் கொள்வோம். விதையாகப் போட்ட இரண்டு அந்தரைக் கழித்தால் மிஞ்சுவது 6 அந்தர். மூத்தவருக்கு நோயே வராமல், இளையவரிலும் அரை அந்தர் கூடுதலாக எட்டரை அந்தர் விளைந்ததெனக் கொண்டாலும், அவர் போட்ட மூன்றரை அந்தரைக் கழித்தால் மிஞ்சுவது 5 அந்தரே. அதிலும் சிறு குமிழ்கள் அதிகமாதலால் சந்தையில் விலை குறையும். அறுவடை நாளில் தராசில் ஏறும் நிறையை மாத்திரம் பார்ப்பவர் இந்த நட்டத்தைக் காண்பதில்லை. விதையைக் கழித்துப் பார்ப்பவரே காண்கின்றார்.

பாத்தி அமைத்தல்

இடைவெளி சீராய் அமைவதற்குப் பாத்தி சீராய் இருத்தல் முதற்கண் வேண்டும். பாத்தியின் அகலம் கையெட்டும் அளவைக் கடத்தல் ஆகாது. வரம்பிற் குந்தியிருந்து கையை நீட்டினால் பாத்தியின் நடுவை எட்டுதல் வேண்டும். மூன்று அடி, மிஞ்சினால் மூன்றரை அடி, இதற்குப் போதும். அதற்கு மேல் அகன்றால், களை பிடுங்குவோர் பாத்தியினுள் கால் வைக்க நேரிடும். மிதிபட்ட மண் இறுகும். இறுகிய மண்ணிற் குமிழ் பருக்காது.

நீளத்தைத் தீர்மானிப்பது நீரே. துலா மிதித்து இறைத்த காலத்தில் வாய்க்காலில் வந்த நீர் சிறிது. அது மெல்லவே பாத்தியிற் பரவியது. இயந்திரத்தால் இறைக்கும் நீரோ வேகமாய் வந்து பாய்கின்றது. பாத்தி நீண்டு சரிவாகவும் இருந்தால், வாய்மடையில் உள்ள குமிழ்கள் அரிபட்டு வெளியே கிடக்கும்; கடைமடையில் உள்ளவை சேற்றில் அமிழும். அளந்து நட்ட இடைவெளி முதலாம் இறைப்பிலேயே குலைந்துவிடும். ஆகவே ஆறு முதல் எட்டு அடி நீளத்தோடு நிறுத்திக் கொள்வதும், பாத்தியை மட்டமாக்குவதும், வாய்மடையில் ஒரு பிடி வைக்கோலோ ஒரு துண்டு பனையோலையோ வைத்து நீரின் வேகத்தைத் தணிப்பதும் நன்று.

பருவத்திற்கேற்பப் பாத்தியின் உயரம் மாறுதல் வேண்டும். வெயிற் காலத்தில் வரம்பு உயர்ந்தும் பாத்தி தாழ்ந்தும் இருப்பின் நீர் தங்கும். மழை எதிர்பார்க்கப்படும் காலத்திலும், நெல் அறுவடை செய்த வயல் நிலத்திலும் பாத்தியை நாலைந்து அங்குலம் உயர்த்தி, பக்கங்களில் வடிகால் விடுதல் வேண்டும். வயல் மண் களித்தன்மை உடையதாதலால் நீர் இறங்கச் சுணங்கும். நீர் தேங்கிய பாத்தியில் எவ்வளவு சீராக நட்டாலும் குமிழ் அழுகுவதைத் தடுக்க முடியாது. கற்பிட்டி போன்ற மணற் பாங்கான இடங்களில் நீர் விரைவில் இறங்கிவிடுமாகையால் அங்கே வடிகாலைப் பற்றிய கவலை குறைவு. சேதனப் பசளை இட்டு ஈரத்தைப் பிடித்து வைத்தலே அங்கு முதன்மையான வேலையாகும்.

சதுரமா, முக்கோணமா?

நான்கு அங்குல இடைவெளியை இரு வகையாக அமைக்கலாம். ஒரு வரிசைக் குமிழுக்கு நேரெதிரே அடுத்த வரிசைக் குமிழை வைப்பது சதுர முறை. முதல் வரிசையின் இரு குமிழ்களுக்கு இடைநடுவே நோக்கி அடுத்த வரிசைக் குமிழை வைப்பது முக்கோண முறை.

சதுர முறையிலே பக்கத்துக் குமிழ் நான்கு அங்குலத்திலும், மூலைவாட்டில் உள்ள குமிழ் ஐந்தரை அங்குலத்துக்கு மேலும் நிற்கின்றன. நாலு குமிழ்களுக்கு நடுவே ஒரு வெறும் இடம் எஞ்சி, அதிற் களை வளர்கின்றது. முக்கோண முறையிலோ ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் ஆறு குமிழ்கள் ஏறக்குறையச் சம தூரத்தில் நிற்கின்றன. வெறும் இடம் குறைகின்றது. எந்தக் குமிழும் இன்னொன்றுக்கு நான்கு அங்குலத்திலும் அண்மையில் வராமலே, வரிசைகளை மூன்றரை அங்குலத்துக்கு நெருக்கிவிடலாம். விசாலமான நிலத்தில் இம்முறையால், சதுர முறையில் 100 குமிழ்கள் நிற்கும் இடத்தில் 115 குமிழ்களை நிறுத்தலாம். மூன்று அடிக்கு ஆறு அடிப் பாத்தியிலே ஓரங்கள் போக, பத்து வரிசைகளில் மாறி மாறிப் பதினெட்டும் பதினேழுமாக 175 குமிழ்கள் அமையும். சதுர முறையிலும் இது 13 கூடுதல்.

பழக்கமில்லாத நடுகையாட்களுக்குச் சதுர முறை இலகு. கை பழகியபின் முக்கோண முறைக்கு மாறலாம். எம்முறையாயினும் முதல் வரிசை வரம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியிருத்தல் வேண்டும். வரம்போடு ஒட்டி நட்ட குமிழ்கள் வரம்பு கட்டும்போதும் நீர் மாறும்போதும் மண்ணில் மூடுண்டு போகும்.

வரிசைகள் நீர் பாயும் திசையில், அதாவது பாத்தியின் நீளத்துக்கு ஓடுதல் நன்று. நீர் தடையின்றிச் சமமாய்ப் பரவும். நிலத்தின் அமைப்பு இடங்கொடுக்குமாயின், பாத்திகளையே காற்று வீசும் திசைக்கு இசைய அமைத்தால், காற்று வரிசைகளுக்கிடையே நுழைந்து பனி ஈரத்தை விரைவில் உலர்த்தும்.

விதையைத் தரம் பிரித்தல்

பெரிய குமிழில் குருத்துக்கள் அதிகம். சிறிய குமிழிற் குறைவு. எல்லாவற்றையும் கலந்து ஒரே அளவில் நட்டால், பெரியதன் கூட்டம் சிறியதை அமுக்கிவிடும். ஆகவே நடுகைக்கு முதல் நாள் விதையைப் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று குவியலாகப் பிரித்தல் வேண்டும். பெரியவற்றை வரிசையில் 5 அங்குலத்துக்கும், நடுத்தரமானவற்றை 4 அங்குலத்துக்கும், சிறியவற்றை 3 அங்குலத்துக்கும் வெவ்வேறு பாத்திகளில் நடலாம். மேலே சொல்லப்பட்ட மூன்று அங்குலம் தீமையாவது நடுத்தரமும் பெரியதுமான குமிழ்களுக்கே. சிறிய குமிழுக்கு அது போதிய இடம்.

பிரிக்கும்போதே மென்மையானவை, பூஞ்சணம் பிடித்தவை, அடித்தட்டு அழுகியவை, காயப்பட்டவை யாவற்றையும் தள்ளிவிடுதல் வேண்டும். ஒரு கெட்ட குமிழ் ஓரிடத்தை வெறுமையாக்குவதோடு நில்லாது, தன்னைச் சூழ்ந்த ஆறு குமிழ்களுக்கும் நோயைக் கொடுக்கும். அறுவடை செய்த உடனே நட்ட வெங்காயம் ஒழுங்காக முளைக்காது; உறக்கக் காலம் கழிந்த விதையே ஒரே சீராக முளைக்கும். விதையை நனைப்பதற்கு ஏற்ற பங்கசுநாசினியையும் அதன் அளவையும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

நடுகை நாள்

முதல் நாளே பாத்திக்கு நீர் கட்டி, மண் ஈரம் ஊறிப் பதமாக இருக்கும் வேளையில் நடுதல் வேண்டும். அளவு தவறாதிருக்க இரு உபாயங்கள் உள. ஒன்று, நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைப் பாத்தியின் இரு தலைப்பிலும் முளையடித்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குமிழாக ஊன்றுதல். மற்றது, மூன்றடி நீளப் பலகையொன்றில் நான்கு அங்குலத்துக்கு ஒரு மரமுளையாக ஒன்பது முளைகளை இறுக்கி, அதனைப் பாத்தியின் குறுக்கே அழுத்திச் செல்லுதல். ஈர மண்ணிற் குழிகள் வரிசையாய்ப் பதியும். முளைப்பலகையை ஒருவர் அழுத்திச் செல்ல, பின்னால் வருவோர் குழிக்கொன்றாக நட்டுச் செல்லலாம். முதல் இரண்டு மூன்று பாத்திகளுக்கு வேலை சுணங்கும்; பின்னர் கைப்போக்கில் நடுவதற்குச் சமமாகவே வேகம் வரும்.

குமிழின் அடித்தட்டு கீழ்நோக்கியும் நுனி மேல்நோக்கியும் இருத்தல் வேண்டும். நுனி மண் மட்டத்தில் மட்டுமட்டாகத் தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் முளை சுணங்கும். மேலோட்டமாக வைத்தால் முதல் நீரிலேயே மிதக்கும். குமிழை மண்ணில் வலிந்து அமுக்குதல் ஆகாது. அடித்தட்டு நசிந்தால் அழுகல் அவ்வழியே நுழையும்.

நட்டு ஏழு முதல் பத்து நாட்களுள் முளைக்காத இடங்கள் தெரியவரும். இதற்கென ஒரு மூலையில் ஊன்றி வைத்த குமிழ்களை மண்ணோடு எடுத்து அவ்விடங்களில் நடலாம். அதன் பின்னர் நிரப்புவது பயன் தராது. பின்னால் வைத்த பயிர் முன்னால் வளர்ந்தவற்றோடு போட்டியிட மாட்டாது.

நெருக்கமும் நோயும்

வெங்காயத்தைத் தாக்கும் ஊதாப் புள்ளி நோய், இலை முறுகல் நோய் ஆகிய இரண்டையும் உண்டாக்குபவை பங்கசுகள். இலையில் ஈரம் நெடுநேரம் தங்கினால் பங்கசு வித்திகள் முளைத்து இலையினுள் நுழைகின்றன. நெருங்கி நட்ட பாத்தியின் உள்ளே காற்றோட்டம் இல்லாமையால், காலைப் பனி முற்பகல் வரை உலராது நிற்கும். மழைத்துளி தெறிக்கும்போது ஓர் இலையிலுள்ள வித்திகள் அடுத்த இலைக்குத் தாவ அரை அங்குலத் தூரமும் இராது.

மருந்து தெளிப்போரும் இதனை அறிவர். நெருங்கிய பயிரில் மருந்து மேல் இலைகளில் மாத்திரமே படும். இலையடியில் ஒளிந்திருக்கும் பனிப்பூச்சிக்கோ, உட்புறத்து நோய்க்கோ அது எட்டாது. எட்டாதபடியால் மீண்டும் தெளிப்பர்; செலவும் நஞ்சும் கூடும். இடைவெளி நோயைத் தடுக்கும் மருந்து அன்று. நோய் உள்ள விதையை அகலமாக நட்டாலும் நோய் வரும். ஆயினும் நோயின் நடையை மெதுவாக்கி, கமக்காரருக்குக் கண்டு பிடுங்கிப் புதைக்கக் காலம் தருவது இடைவெளியே.

ஒரே நிலத்தில் வெங்காயத்தின் பின் வெங்காயமாகச் செய்துவரின் மண்ணில் தங்கும் அழுகல் நோய்கள் பெருகும். இடையே நெல், குரக்கன், பயறு போன்ற வேற்றுக் குடும்பப் பயிரொன்றைச் செய்தல் நன்று.

பசளையும் கிணற்று நீரும்

நெருக்கத்தால் பயிர் வெளிறிக் காணும்போது, அதனைப் பசளைக் குறைவு என்று எண்ணி மேலும் யூரியா எறிவது பலரின் வழக்கம். இடம் போதாமையால் மெலிந்த பயிருக்குப் பசளை இடத்தை உண்டாக்கித் தராது. மேல்மட்ட வேர்கள் எடுத்துக்கொள்ளாத நைதரசன் இறைப்பு நீரோடு கீழே இறங்குகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களில் தேங்கும் மழைநீரே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நீர். மேலே இட்ட பசளை அப்பாறை வழியே அதே நீரிற் கலக்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படுதல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. செறிவாகத் தோட்டஞ் செய்யும் ஊர்களிற் பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. போத்தற் பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே இந்நீரால் ஆபத்து அதிகம். தோட்டத்திற் செய்யும் வீண்செலவு, இவ்வாறு வீட்டிற்கும் வந்து சேர்கின்றது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, பசளையை மாத்திரம் நம்பிச் செய்த தோட்டங்கள் பட்ட பாட்டைக் கமக்காரர் மறந்திரார். மாட்டெரு, ஆட்டெரு, பூவரசங்குழை, பனையோலை முதலியவற்றைப் பாத்தியில் புதைத்து மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருத்தல், மண் பரிசோதனைப்படி அளவோடு பசளையிடல், சரியான இடைவெளியில் நடல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்.

அறுவடையில் தெரியும் சீர்

சீராக நட்ட பாத்தி சீராக முற்றும். நெருங்கிய இடத்துப் பயிர் முந்திப் பழுக்கும். அகன்ற இடத்துப் பயிர் பசுமையாய் நின்று கழுத்துத் தடிக்கும். இரண்டும் கலந்திருக்கும் பாத்தியில், முந்தியதற்காகப் பிடுங்கினால் பிந்தியது பச்சை. பிந்தியதற்காகக் காத்திருந்தால் முந்தியது மழையிலோ ஈரத்திலோ மீண்டும் வேர் விடும். கழுத்துத் தடித்த வெங்காயம் நன்றாய் உலராது. பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலிற் தூக்கினால் முதலில் அழுகுவது அதுவே. அடுத்த போகத்துக்கு விதை வைக்க விரும்புவோர், சீராக முற்றிய, நோயற்ற பாத்திகளிலிருந்தே விதை எடுத்துத் தனியாகத் தூக்குதல் வேண்டும். வீட்டில் விதை இருந்தால் நடுகை நாளன்று கடன்பட்டு அலைய வேண்டியதில்லை.

மூன்று பாத்திச் சோதனை

மண்ணுக்கு மண், விதைக்கு விதை சிறிது வேறுபாடு இருத்தல் இயல்பு. ஆகவே ஒவ்வொரு கமக்காரரும் தம் நிலத்துக்கு ஏற்ற அளவைத் தாமே சோதித்து அறியலாம். அருகருகே உள்ள சம அளவான மூன்று பாத்திகளைத் தெரிந்து, ஒன்றில் 3 அங்குலத்திலும், ஒன்றில் 4 அங்குலத்திலும், ஒன்றில் 5 அங்குலத்திலும் ஒரே தர விதையை நடுதல் வேண்டும். நடும் விதையை நிறுத்து எழுதிக் கொள்ளல் வேண்டும். நீர், பசளை, களையெடுப்பு யாவும் மூன்றுக்கும் சமமாய் இருக்கட்டும். அறுவடையில் ஒவ்வொன்றையும் தனித்தனி உலர்த்தி நிறுத்து, விதையின் நிறையைக் கழித்து, பெரிய குமிழ் எவ்வளவு, சிறிய குமிழ் எவ்வளவு என்பதையும் பார்த்தால் விடை தானே வெளிவரும்.

மேற்கூறிய சகோதரரிடம் மீண்டும் செல்வோம். அறுவடை முடிந்து கடனும் அடைத்தபின், மூத்தவரின் கையில் மிஞ்சியது சிறிது. அடுத்த நடுகைக்கு முதல் நாள் மாலை அவர் வேலியோரம் வந்து நின்று, "தம்பி, அந்த முளைப்பலகை சும்மாதானே கிடக்கின்றது? நாளைக்கு ஒருக்கால் தா" என்று கேட்டார். இளையவர் பலகையோடு தாமும் சென்று முதற் பாத்தியை அழுத்திக் காட்டினார். அம்முறை இரண்டு அந்தர் விதை 121 பாத்திக்கும் போதுமாயிருந்தது.